எல்ஜிபி தொடக்கப் பெட்டி: தண்டவாளம் தங்கம், வளைவு வம்பு

எல்ஜிபி என்ற ஜெர்மன் பொம்மை ரயிலின் தொடக்கப் பெட்டியைத் திறந்தால் கண் முதலில் போவது அந்தக் குட்டி நீராவி இன்ஜின் மேல்தான். காசுக்கு மதிப்புத் தருவதோ, அட்டை மடிப்புக்குள் கிடக்கும் பன்னிரண்டு பித்தளைத் தண்டவாளத் துண்டுகள். மழையில் நனையலாம், வெயிலில் காயலாம், தவறிக் கால் வைத்தாலும் தாங்கும். கோளாறு ஒன்றுதான்: பித்தளை நல்ல பித்தளை, அதை வளைத்திருக்கும் அளவு நல்ல அளவல்ல. வீட்டுக்குள் ஒரு மூலையில் சுற்றவிட்டு ரசிக்க மட்டும் வாங்குபவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அறையில் தொடங்கி, சுவரைத் துளைத்து, தோட்டத்துக்குள் ஓடித் திரும்பும் பாதை போட நினைப்பவர்கள் எதை வைத்துக்கொள்வது, எதை ஒதுக்குவது, மேற்கொண்டு என்ன வாங்குவது என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்க வேண்டும். இந்த மதிப்பீடு அவர்களுக்காக.

எல்ஜிபி என்பது 'லேமன் கிராஸ் பான்', அதாவது லேமனின் பெரிய ரயில். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் இருந்த எர்ன்ஸ்ட் பால் லேமன் நிறுவனம் 1968இல் கொண்டுவந்தது. மேசை மேல் ஓடும் பொம்மை ரயில்கள் சிறிதாகிக்கொண்டே போன காலத்தில், நேர் எதிராகப் பெரிதாகச் செய்து, வெளியில் மழையிலும் ஓடும் என்று சொல்லி விற்றார்கள். 2006இல் நிறுவனம் நொடித்தது. 2007இல் மார்க்லின் வாங்கியது. இப்போது பெரும்பாலான தயாரிப்பு ஹங்கேரியின் ஜியோர் நகரில் நடக்கிறது. கை மாறினாலும் தண்டவாளத்தின் அளவு மாறவில்லை. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய துண்டும் இன்றைய துண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். இதை வாங்கச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

தண்டவாள இடைவெளி 45 மி.மீ., அளவு விகிதம் 1:22.5. இரண்டையும் பெருக்கினால் ஆயிரத்துச் சொச்சம் மி.மீ. வரும், அது அசல் ரயிலில் ஒரு மீட்டர் இடைவெளி வைக்கும் மீட்டர் கேஜ். சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே வண்டிகளை எல்ஜிபி இத்தனை விரிவாகச் செய்வதற்கு இதுவே காரணம். நம் ஊட்டி ரயிலும் அதே மீட்டர் கேஜ்தான், ஆகவே கைவேலை தெரிந்தவர்கள் அதை இந்தத் தண்டவாளத்தின் மேல் விகிதம் பிசகாமல் கட்டலாம். தொடக்கப் பெட்டியில் வழக்கமாக வரும் 'ஸ்டைன்ஸ்' இன்ஜினுக்குத்தான் அந்தப் பொருத்தம் இல்லை. ஆஸ்திரியாவின் ஸ்டைரியா பகுதியில் 1892இல் ஓடத் தொடங்கிய அசல் வண்டி 760 மி.மீ. கேஜ், கறாராகச் செய்திருந்தால் சக்கர இடைவெளி 34 மி.மீ. அளவில்தான் இருந்திருக்கும். பார்க்க அழகாக இருப்பதால் யாரும் கேட்பதில்லை.

இனி தண்டவாளம். உயரம் 0.332 அங்குலம், ஏறத்தாழ 8.4 மி.மீ. முழுதும் கெட்டிப் பித்தளை. ஸ்லீப்பர் கட்டைகள் வெயிலைத் தாங்கும் கலவையில் வார்த்த பிளாஸ்டிக். மலிவான போட்டித் தொகுப்புகள் சிலவற்றில் தகரத்தை மடித்துச் செய்த, உள்ளீடற்ற தண்டவாளம் வரும். ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து முடிந்துவிடும். பாக்மன் நிறுவனத்தின் பெரிய ரயில் தொகுப்புகள் அப்படித்தான். இன்ஜின் நன்றாக இருக்கும், தண்டவாளத்தை அறையை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. ஜெர்மனியின் பிகோ செய்யும் பித்தளைத் தண்டவாளம் எல்ஜிபியோடு அப்படியே சேரும், தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. விலை குறைவாகக் கிடைத்தால் யோசிக்காமல் கலந்து போடலாம்.

வளைவுக்கு வருவோம். பெட்டியில் உள்ள பன்னிரண்டு துண்டுகளும் ஆர்1 எனப்படும் வளைவு: ஆரம் 600 மி.மீ., ஒவ்வொன்றும் 30 பாகை. பன்னிரண்டையும் கோத்தால் ஓரத்துக்கு ஓரம் 1.29 மீட்டர் வட்டம். ஒரு கட்டிலின் அகலத்தில் ரயில் சுற்றும் என்று காட்டி விற்பதற்கு வசதியான அளவு, ரயிலுக்கு வசதியான அளவல்ல. இரண்டு அச்சுள்ள ஸ்டைன்ஸ் போன்ற குட்டி வண்டிகள் சிரமமின்றித் திரும்பும். நான்கு அச்சுப் பெட்டிகளைப் பெரும்பாலும் ஆர்1இல் ஓடும்படிதான் செய்திருக்கிறார்கள். ஓடும் என்பது வேறு, நன்றாக ஓடும் என்பது வேறு. பெட்டியின் நடுப்பாகம் வளைவுக்கு உள்ளே தள்ளும், முனைகள் வெளியே தள்ளும், சக்கர விளிம்பு தண்டவாளத்தின் பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போகும். அந்தத் தேய்ப்பு இழுவையைக் கூட்டும். நேர்பாதையில் ஆறு பெட்டி இழுக்கும் இன்ஜின் ஆர்1 வளைவில் மூச்சு வாங்கும். மேடும் சேர்ந்தால் சக்கரம் வழுக்கும்.

அடுத்த அளவு ஆர்2, 765 மி.மீ. இதில் பணம் போட வேண்டாம். பெரிதாக எதுவும் மாறாது. ஆர்3தான் திருப்பம்: ஆரம் 1195 மி.மீ., ஒரு துண்டு 22.5 பாகை, வட்டத்துக்குப் பதினாறு. இங்கிருந்து பெரிய இன்ஜின்கள் இயல்பாகத் திரும்பும், பெட்டிகள் கோணலாகத் தெரியாது. ஆர்5 இன்னும் அழகு: 2320 மி.மீ., 15 பாகை, வட்டத்துக்கு இருபத்துநான்கு. இடம் இருப்பவர்கள் தோட்டப் பகுதிக்கு இதைப் போடலாம். ஆனால் அந்த அரைவட்டத்துக்கே 4.7 மீட்டர் அகலம் போய்விடும். ஆகவே அறைக்கும் தோட்டத்துக்கும் பொதுவான அளவு ஆர்3. பெட்டியில் வந்த ஆர்1 துண்டுகளை எறிய வேண்டாம், வண்டி நிறுத்தும் ஓரப் பாதைக்கு ஆகும்.

ஆர்3 வைத்து ஒரு கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, சுவருக்கு வெளியே ஏறத்தாழ ஒன்பது மீட்டர் தொலைவில் தோட்ட வளையம் தொடங்கும் இடம். அறையில் ஒரு வளையம், தோட்டத்தில் ஒரு வளையம், நடுவில் 165 மி.மீ. இடைவெளியில் இரட்டைப் பாதை. 165 என்பது எல்ஜிபி இணைபாதைகளுக்கு வைத்திருக்கும் மைய இடைவெளி. வளையத்துக்கு 270 பாகை, அதாவது பன்னிரண்டு துண்டு. அதன் இரு முனையிலும் ஒரு 600 மி.மீ. நேர்துண்டு, பிறகு எதிர்ப்பக்கம் வளையும் இரண்டிரண்டு துண்டு. நேர்துண்டை 583 மி.மீ. அளவுக்கு அறுத்துக்கொண்டால், அதாவது 17 மி.மீ. குறைத்தால், இரு பாதைகளும் 165 மி.மீ. இடைவெளியில் சரியாக வந்து நிற்கும். அறுக்காமல் போட்டால் இடைவெளி 141 மி.மீ. ஆகிவிடும், எதிர்வரும் அகலப் பெட்டிகள் உரசும் நிலைக்கு வந்துவிடும். இந்த நேர்துண்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இடமும் வலமுமாக அடுத்தடுத்து வளைவு வந்தால் பெட்டிகளின் முனைகள் எதிரெதிர்த் திசையில் தள்ளி, கொக்கியைக் கழற்றும் அல்லது பெட்டியையே தூக்கும். இரண்டு வளைவுக்கும் நடுவே குறைந்தது 300 மி.மீ. நேர்பாதை இருந்தே ஆக வேண்டும்.

இந்த வளையம் 2.6 மீட்டர் அகலமும் 3.3 மீட்டர் நீளமும் பிடிக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் சரியாக உட்காரும், அதற்கு மேல் ஒரு அலமாரிக்கும் இடமிருக்காது. இயக்குபவர் வளையத்துக்கு நடுவில் நிற்கலாம், ஆனால் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். மொத்தத் தேவை: ஆர்3 முப்பத்திரண்டு, 600 மி.மீ. நேர்துண்டு நான்கு, 1200 மி.மீ. நேர்துண்டு பதினாறு. ஏறத்தாழ 36.5 மீட்டர் பாதை. நேர்துண்டுகளை 300 மி.மீ. அளவில் வாங்குவது பலரும் செய்யும் பிழை. அதே நீளத்துக்கு நான்கு மடங்கு மூட்டு வரும், ஒவ்வொரு மூட்டும் பின்னாளில் ஒரு தொல்லை. இவ்வளவும் வாங்கினால் தொடக்கப் பெட்டியின் விலையைத் தாண்டும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் பொம்மைக்கான சுங்கவரியும் சேரும். இது தெரியாமல் பெட்டியை வாங்குவது யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கடன் கேட்பது போல.

இரட்டைப் பாதைக்குப் பதில் ஒற்றைப் பாதை போட்டு இருமுனையிலும் வளையம் வைத்தால் தண்டவாளம் மிச்சமாகுமே என்று தோன்றும். மிச்சமாகும், ஷார்ட் சர்க்யூட்டும் ஆகும். இரண்டு தண்டவாளத்திலும் எதிரெதிர் மின்முனை ஓடும் முறை இது. பாதை சுழன்று தன்னோடு தானே சேரும் இடத்தில் இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தைத் தொட்டுவிடும். அதற்கென்று இன்சுலேட்டட் துண்டுகளும் டயோடுகளும் கொண்ட தனி அமைப்பு உண்டு. டிஜிட்டல் முறையில் தானாக முனை மாற்றும் கருவியும் உண்டு. மேலே சொன்ன இரட்டைப் பாதை வடிவம் உண்மையில் நடுவில் நசுக்கிய ஒரே வட்டம்தான், அதனால் இந்தச் சிக்கல் எழாது. ஆனால் இரு பாதைகளுக்கும் குறுக்கே, ரயிலைத் தடம் மாற்றும் பாயின்ட் இணைப்பு ஒன்றை வைத்த அந்த நொடியே சிக்கல் திரும்பி வரும்.

சுவரைத் துளைப்பதற்கு முன்பு மட்டம்

பாதை போடுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அறையில் மேசை உயரம் வசதி என்று 75 செ.மீ. உயரத்தில் பலகை அடிப்பார்கள். வீட்டின் தரைமட்டம் வாசலைவிட 45 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், சுவரைத் தாண்டும்போது ரயில் தோட்ட மண்ணிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் இருக்கும். தோட்டப் பாத்தி 45 செ.மீ. உயரம் என்றால் இறங்க வேண்டியது 75 செ.மீ. நிதானமான சரிவு 100க்கு 2. அதன்படி 37.5 மீட்டர் நீளம் வேண்டும். 100க்கு 3 வைத்தாலும் 25 மீட்டர். ஒன்பது பத்து மீட்டர் நேர்பாதையில் இது நடக்காது. சுழல் ஏணி போல வளைத்து இறக்கலாமா என்றால், ஆர்3 வட்டத்தின் சுற்றளவு 7.5 மீட்டர். ஒரு சுற்றுக்கு வண்டி உயரமும் பலகைக் கனமும் சேர்த்து 25 செ.மீ. இறங்க வேண்டும். சரிவு 3.3 விழுக்காடு ஆகிவிடும், அதுவும் முழுக்க வளைவில். திரும்பி ஏறும்போது குட்டி இன்ஜின் பாதியில் நிற்கும்.

ஆகவே தோட்டத்திலிருந்து தொடங்கி அறைக்குள் வர வேண்டும். அறைப் பலகையைத் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் வைத்து, தோட்டப் பாத்தியை 65 செ.மீ. உயரத்தில் கட்டினால் பாதை முழுக்கச் சமமட்டம். அந்த உயரத்தில் தோட்டப் பக்கம் முழங்கால் போடாமல் வேலை பார்க்கலாம். அறைக்குள் குனிய வேண்டியிருக்கும், ஒன்றுக்கு ஒன்று விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். மட்டம் பார்க்க ரசமட்டம் மட்டும் போதாது. பத்து மீட்டருக்குக் கொத்தனார் பிடிக்கும் தண்ணீர் டியூப்தான் நம்பகமானது. லேசர் மட்டக்கருவி நல்ல வெயிலில் கண்ணுக்குத் தெரியாது.

மேட்டுக்கு ஏன் இத்தனை பயம் என்று கேட்கலாம். சமதரையில் இந்த வண்டிகளின் உருள் தடை, எடையில் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான். 2 விழுக்காடு ஏற்றம் அதோடு இன்னும் இரண்டு பங்கைச் சேர்க்கிறது. இழுக்கக்கூடிய பெட்டிகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகிறது. உண்மையான மலைப்பாதை வேண்டும் என்பவர்களுக்கு எல்ஜிபியின் பல்தண்டவாளம் இருக்கிறது. ஸ்லீப்பர் நடுவில் பொருத்தும் பிளாஸ்டிக் பற்பட்டை அது, அதற்கென்று தனி இன்ஜின் வாங்க வேண்டும். கல்லாறு முதல் குன்னூர் வரை ஊட்டி ரயில் ஏறும் ஏறக்குறைய 8 விழுக்காட்டை இது எளிதாக ஏறும்.

துளை: இரட்டைப் பாதைக்கு 37 செ.மீ. அகலம், ஸ்லீப்பர் அடியிலிருந்து 25 செ.மீ. உயரம். ஒற்றைப் பாதைக்கு 20 செ.மீ. அகலம் போதும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் 37 செ.மீ. உடைப்பதென்றால் மேலே 60 செ.மீ. நீள லின்டல் ஒன்று ஏற்றாமல் உடைக்கக் கூடாது. தூண், பீம் அருகே தொடவே கூடாது. உடைப்பதற்கு முன் சுவருக்குள் மின்பைப்பும் தண்ணீர்ப் பைப்பும் எங்கே ஓடுகின்றன என்று பார்க்க வேண்டும். துளைக்குள் பாதை நேராக இருக்க வேண்டும், சுவருக்கு இருபுறமும் குறைந்தது 30 செ.மீ. நேர்பாதை தொடர வேண்டும். இல்லையென்றால் வளைவில் வெளியே தள்ளும் பெட்டி முனை காரையைச் சுரண்டும். துளையின் அடிப்பரப்பு வெளிப்பக்கமாகச் சாய வேண்டும், மேலே ஒரு சிறு சன்ஷேடு வேண்டும். இல்லாவிட்டால் சாரல் நேராக அறைக்குள் வரும். மின்கம்பிக்குத் தனியாக 25 மி.மீ. பிவிசி குழாய், அதுவும் வெளிச்சரிவோடு.

துளைக்குக் கதவு கட்டாயம். எலி, பல்லி, மழைக்காலத்தில் பாம்பு, எல்லாவற்றுக்கும் அது ராஜபாட்டை. மேலே கீல் வைத்த அலுமினியத் தகடு, கீழே காந்தம், ஓரங்களில் தூரிகைப் பட்டை. கதவு மூடியிருக்கும்போது ரயில் வந்து முட்டாமலிருக்க ஒரு மைக்ரோ சுவிட்ச் பொருத்தி, துளைக்கு இருபுறமும் ஒரு மீட்டர் தண்டவாளத்தைத் தனியாகப் பிரித்து அதன் வழியே மின்சாரம் கொடுக்க வேண்டும். கதவு திறந்தால்தான் அந்த மீட்டரில் மின்சாரம் வரும். இந்த ஐம்பது ரூபாய் சுவிட்சை விட்டவர்கள் இன்ஜினின் முன்விளக்கை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

அறைக்குள் அதிக வேலை இல்லை. 12 மி.மீ. தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை, 60 செ.மீ.க்கு ஒரு தாங்கி, தண்டவாளத்துக்கு அடியில் 5 மி.மீ. கார்க் அல்லது ஃபோம். அந்த ஃபோம் இல்லையென்றால் பலகை மத்தளம் போல் அதிரும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஸ்லீப்பரைத் திருகு போட்டு இறுக்க வேண்டாம், தளர்வாகப் பிடித்தால் போதும்.

தோட்டத்தில் அடித்தளம்

இரட்டைப் பாதைக்கு 45 செ.மீ. அகலப் பாத்தி. 65 செ.மீ. உயரத்துக்கு 40 × 20 செ.மீ. சாலிட் பிளாக் மூன்று வரிசை, இரு பக்கமும். பத்து மீட்டருக்கு 150 பிளாக் ஆகும். கீழ்வரிசையில் மீட்டருக்கு ஒரு வடிகால் துளை விட வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் உள்ளே நீர் கட்டிச் சுவர் பிதுங்கும். உள்ளே இடிபாட்டுக் கல்லைக் கொட்டித் தட்டி, மேலே களை முளைக்காத துணி விரித்து, கடைசி 15 செ.மீ.க்கு ஜல்லி. அளவு 0.675 கன மீட்டர், அதாவது 24 கன அடி, ஜல்லிக்காரர் கணக்கில் கால் யூனிட். கீழே முக்கால் அங்குல ஜல்லி, மேல் 4 செ.மீ.க்கு 3 முதல் 6 மி.மீ. சிப்ஸும் கிரஷர் தூளும் கலந்தது. ஆற்றுக் கூழாங்கல்லைக் கண்டிப்பாகப் போடக் கூடாது. உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடிக்காது, ரயில் ஓட ஓடப் பாதை நகர்ந்துகொண்டே போகும். உடைத்த கல்லின் கூர்முனைதான் பாதையைப் பிடித்து வைக்கிறது. பெரிய ரயில்வேயும் இதே காரணத்துக்காகத்தான் உடைத்த கருங்கல்லைப் போடுகிறது.

சிலர் சிமெண்டில் தண்டவாளத்தைப் பதிக்கிறார்கள். முதல் கோடையில் விளைவு தெரியும். பித்தளை ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் மீட்டருக்கு 0.019 மி.மீ. நீளும். காலை 25 பாகையில் போட்ட 9.6 மீட்டர் நேர்பாதை மத்தியான வெயிலில் 60 பாகைக்கு ஏறினால் 6.4 மி.மீ. நீளும். நகர வழியில்லாத பாதை பக்கவாட்டில் பாம்பு போல நெளியும், அல்லது ஸ்லீப்பரின் பிடியைப் பிய்த்துக்கொண்டு வெளிவரும். ஜல்லியில் மிதக்கவிட்டு, மூட்டுக்கு ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவான இடைவெளி விட்டால் ஒன்றும் ஆகாது. நடுப்பகல் சூட்டில் போடுபவர்கள் இடைவெளி விடாமல் ஒட்டிப் போடலாம், அப்போதே அது நீண்டுதான் இருக்கும். துளையின் வாயிலும் பாயின்ட் அருகிலும் மட்டும் அசையாமல் நிறுத்த வேண்டும்.

மூட்டு: இந்தத் தயாரிப்பின் பலவீனம்

எல்ஜிபி துண்டுகளில் வரும் சொருகு இணைப்புத் தகடு அறைக்குள் அருமை. வெளியில் ஓராண்டு போதும். தகட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே மண்ணும் பாசியும் புகுந்து பித்தளை கறுக்கும், மின்சாரம் தடுமாறும். இன்ஜின் டிரான்ஸ்பார்மர் பக்கம் விரைந்து, தூரத்து முனையில் தவழ்ந்தால் இன்ஜினைச் சந்தேகிக்காதீர்கள். மல்டிமீட்டரை எடுத்து, வண்டி ஓடும்போது ஒவ்வொரு மூட்டின் இருபக்கமும் வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டும் மூட்டுதான் குற்றவாளி.

இதற்கு மூன்று வழி. மலிவானது, போடும்போதே ஒவ்வொரு தகட்டுக்குள்ளும் கிராஃபைட் பசை தடவுவது. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி செய்ய வேண்டும். இரண்டாவது, மசோத், ஹில்மன் போன்றோர் செய்யும் திருகுக் கிளாம்ப். அலன் சாவியால் இருபக்கமும் இறுக்கினால் மூட்டு கெட்டியாகும், வேண்டும்போது கழற்றலாம். மேலே சொன்ன பாதையில் 52 இடத்தில் இரண்டிரண்டாக 104 மூட்டு வரும். எல்லாவற்றுக்கும் கிளாம்ப் வாங்கினால் ரசீதைப் பார்த்துத் தலை சுற்றும். தோட்டப் பகுதிக்கு மட்டும் வாங்குவது நியாயமான நடுவழி. மூன்றாவது, மூட்டைத் தாண்டி ஒரு செப்புக் கம்பியை ஈயம் வைத்து ஒட்டுவது. காசு மிச்சம், ஆனால் பித்தளை சூட்டை உறிஞ்சும் வேகத்துக்கு 25 வாட் சோல்டரிங் அயர்ன் தாங்காது. குறைந்தது 100 வாட் வேண்டும். சின்னதை வைத்து நேரம் கடத்தினால் ஈயம் ஒட்டுவதற்குள் ஸ்லீப்பர் உருகிவிடும்.

எதைச் செய்தாலும் தண்டவாளத்தை மட்டும் நம்பி மின்சாரம் கடத்தக் கூடாது. பாதையோடு 2.5 சதுர மி.மீ. செப்புக் கம்பி இரண்டை ஓட்டி, ஐந்தாறு மீட்டருக்கு ஒருமுறை பாதையில் இணைக்க வேண்டும். 1.5 சதுர மி.மீ. கம்பியில் 30 மீட்டர் போய்வர, 2 ஆம்பியருக்கு 1.4 வோல்ட் இழப்பு. 2.5இல் அது 0.8 வோல்ட். பெட்டியோடு வரும் மின்கருவி ஒரு குட்டி இன்ஜினுக்குச் சரி. இரண்டாவது இன்ஜின், விளக்குப் பெட்டிகள், புகைக் கருவி என்று சேர்த்தால் 5 ஆம்பியர் கருவி தேவைப்படும். டிரான்ஸ்பார்மர் எப்போதும் அறைக்குள் உலர்ந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். வெளியே போவது 24 வோல்ட்டுக்கு உட்பட்ட மின்சாரம் மட்டுமே. இதில் எந்தச் சமாதானமும் கிடையாது.

பாயின்டுகளில் ஆர்1 வகை 30 பாகையில் திடீரென்று திருப்பும். மெதுவாகப் போனாலும் நீளப் பெட்டிகள் குதிக்கும். முதன்மைப் பாதையில் ஆர்3 வகையே வேண்டும். மின்சாரத்தால் திருப்பும் எல்ஜிபி கருவி நீர் பட்டாலும் பெரும்பாலும் தாங்கும், எறும்பைத் தாங்காது. உள்ளே கூடு கட்டிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து தூசு தட்டினால் வேலை செய்யும்.

இன்ஜினைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. சக்கரத்தோடு, தண்டவாளத்தின் மேல் சறுக்கிச் செல்லும் காலணி போன்ற தகடுகளும் மின்சாரம் எடுப்பதால் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் நிற்காது. அந்தத் தகடு தேயும் பொருள், வாங்கும்போதே ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வையுங்கள். புகைக் குழாயில் எண்ணெயை விளிம்பு வரை ஊற்றினால் புகை வராது, எண்ணெய் தண்டவாளத்தில் வழிந்து சக்கரம் வழுக்கும். பாதிக் குழாய் போதும். பெட்டிகளைப் புரட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் சக்கரம் என்றால் உலோகச் சக்கரமாக மாற்றுங்கள். பிளாஸ்டிக் சக்கரம் தண்டவாளத்தில் கரும்படலத்தைப் பூசிக்கொண்டே போகும், எடையும் இல்லாததால் பெட்டி எளிதில் தடம்புரளும். சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவே ஏறத்தாழ 40 மி.மீ. இருக்கிறதா என்றும் ஒரு வெர்னியர் வைத்துப் பார்த்துவிடுங்கள். பாயின்டில் மட்டும் தடம்புரளும் பெட்டிகளுக்குப் பாதிக்கு மேல் காரணம் இதுதான். கொக்கி ஒரு முனையில் மட்டும் இருந்தால் மறுமுனைக்கும் ஒன்று பொருத்தலாம், மேட்டில் கழன்று போவது நின்றுவிடும்.

சுத்தம் செய்வது தொடர்வேலை. பித்தளையின் மேற்பரப்பு பழுப்பேறும், வேப்பம்பூவும் மரப்பாலும் விழும், நத்தை ஊர்ந்த தடமும் காய்ந்து கிடக்கும். நீளக் கழியின் முனையில் பச்சை நிறத் தேய்ப்பு நாரைக் கட்டி, ஓட்டும் நாளில் ஒரு நடை தேய்த்தால் போதும். முரட்டு உப்புத்தாளைப் போட்டால் கீறல்களுக்குள் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். எல்ஜிபி விற்கும் தண்டவாளம் துடைக்கும் இன்ஜின் நன்றாகத்தான் வேலை செய்கிறது, விலைக்கு இன்னொரு இன்ஜினே வாங்கலாம்.

இந்தத் துடைப்பும் மூட்டும் கம்பியும் வேண்டாமென்றால் இன்ஜினுக்குப் பின்னால் ஒரு சரக்குப் பெட்டியில் லித்தியம் பேட்டரியை வைத்து ரிமோட்டில் ஓட்டலாம். ஐந்து செல் வரிசை 18.5 வோல்ட், 2600 மில்லிஆம்பியர் மணி, சராசரி 0.8 ஆம்பியர் இழுத்தால் மூன்று மணி நேரம். பாதுகாப்புச் சுற்று இல்லாத செல்லை மூடிய பெட்டிக்குள் வைக்கவே கூடாது. இன்ஜினுக்குள் தண்டவாளத்திலிருந்து மோட்டாருக்குப் போகும் இணைப்பையும் துண்டிக்க மறக்கக் கூடாது. மறந்தால் மின்சாரம் இருக்கும் பாதையில் வைத்த கணமே கட்டுப்பாட்டுப் பலகை புகையும், அது நல்ல புகை அல்ல. தோட்டப் பகுதி 30 மீட்டரைத் தாண்டும் என்றால் எங்கள் ஓட்டு பேட்டரிக்கே.

பழைய தொகுப்பு கிடைத்தால் தயங்க வேண்டாம். நியூரம்பெர்க் காலத்து இன்ஜின்களில் பார்க்க வேண்டியவை: சக்கரத்தின் வெள்ளி நிறப் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிகிறதா, ரப்பர் வளையம் இறுகி வெடித்திருக்கிறதா, கையால் லேசாகப் பிடித்து மின்சாரம் கொடுத்தால் பற்சக்கரம் நழுவுகிறதா. பழைய தண்டவாளம் கறுத்திருந்தால் பேரம் பேச அது நல்ல காரணம், வாங்காமலிருக்க அல்ல, தேய்த்தால் பளபளக்கும். பழைய டிரான்ஸ்பார்மரை மட்டும் விற்பவரிடமே விட்டுவிடுங்கள். கம்பியின் மேலுறை நொறுங்கிப்போயிருக்கும்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: தண்டவாளத்துக்கு ஐந்துக்கு ஐந்து. இன்ஜினுக்கு நான்கு. பெட்டியில் வரும் ஆர்1 வளைவுக்கு அறைக்குள் மூன்று, தோட்டத்தில் ஒன்று. சொருகு மூட்டுக்கு உள்ளே நான்கு, வெளியே ஒன்றரை. தொடக்கப் பெட்டியைத் தனியாக வாங்குவதைவிட, பயன்படுத்திய ஸ்டைன்ஸ் ஒன்றும் பெட்டிகள் இரண்டும் தேடிப் பிடித்து, புதுப்பணத்தை ஆர்3 துண்டுகளிலும் 1200 மி.மீ. நேர்துண்டுகளிலும் போடுவது லாபம்.